காருக்கு வேர்த்தது

அப்பா எஞ்சினின் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தார். மறு நொடி அவர் முகம் வாடிவிட்டது. மூடியின் உட்புறம் முழுக்க வெண்ணெய் போல ஏதோ அப்பியிருந்தது.

"போச்சு! உள்ள தண்ணி புகுந்துடுச்சு. இனிமே வித்துட வேண்டியதுதான்."

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பிறந்த குழந்தையாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததே இந்தக் கார்தான்.

"டாக்டர்கிட்ட காட்டாமலேயா? மெக்கானிக் அக்காவைக் கூப்பிடுங்கப்பா!"

மெக்கானிக் அக்கா வந்து, ரேடியேட்டர் தண்ணீரையும் எண்ணெயையும் சோதித்தார்.

"தண்ணி குறையல. எண்ணெயும் சுத்தமா இருக்கு. மூடியில மட்டும்தான் இந்தப் பசை. எங்கெல்லாம் ஓட்டுறீங்க?"

"ஊரெல்லாம் சுத்துறேனே!" என்றார் அப்பா.

"ஐயோ அப்பா! என் ஸ்கூல், முனைக்கடை, அவ்வளவுதானே?"

மெக்கானிக் அக்கா சிரித்தார்.

"அதான் விஷயம். எஞ்சின் ஓடினா உள்ள நீராவி உண்டாகும். எஞ்சின் நல்லா சூடேறுறதுக்குள்ள நீங்க நிறுத்திடுறீங்க. அந்த நீராவி வெளிய போக வழியில்ல."

"சாப்பாட்டு டப்பா மூடி வேர்க்குமே, அப்படியா?" என்றாள் வாலு. "அந்தத் தண்ணி எண்ணெயோட கலந்துதான் இப்படி ஆச்சா?"

"அதேதான்! வாரம் ஒரு தடவையாவது தூரமா ஓட்டுங்க, சரியாயிடும்."

"தூரமா போக நமக்கு என்ன வேலை?" என்று அப்பா முணுமுணுத்தார். "வெறுமனே பெட்ரோலை எரிக்கவா?"

வாலு யோசித்தாள். கீழ் வீட்டு அத்தை படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டவர். சனிக்கிழமைதோறும் ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி, ஊர்க்கோடி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறார்.

படபடவென்று கீழே இறங்கி ஓடினாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்று அத்தை தயங்கினார்.

"சிரமமே இல்ல அத்தை. நீங்க வந்தாதான் எங்க காருக்கு வைத்தியம்!"

அன்று முதல் சனிக்கிழமைகளில் மூவரும் கிளம்பினார்கள். மற்ற நாட்களில் வாலு பள்ளிக்கு நடந்தாள். மூச்சு வாங்க அப்பாவும் கூடவே நடந்தார்.

சில வாரங்கள் கழித்து அக்கா எண்ணெய் மாற்றினார். அதன் பிறகு மூடியில் பசையே சேரவில்லை.

ஒரு சனிக்கிழமை அத்தை ஊன்றுகோல் இல்லாமல் வந்து நின்றார். "கால் சரியாயிடுச்சு. இனி ஆஸ்பத்திரி வேண்டாமாம்!"

வாலு கைதட்டினாள். அப்பாவோ திருதிருவென்று விழித்தார். "அப்போ... நம்ம கார்?"

"நல்லா கேட்டீங்க! இத்தனை நாளா ஆஸ்பத்திரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே நாம பார்க்கலையே?" என்று சொல்லிவிட்டு, அத்தை முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்தார்.