ஆறாத வெந்நீர்

விடிந்து கம்பளியை விலக்கியபோது பாட்டில்கள் இன்னும் சுட்டன.

முந்தைய மாலை மின்சாரம் போனதும் மொய்போனே எரிவாயு அடுப்பில் வெந்நீர் வைத்து, பழைய பழச்சாறு பாட்டில்களில் ஊற்றி இறுக மூடி, கூடத்து மூலையில் நெருக்கி வைத்த தொட்டிகளுக்கு நடுவே செருகி, எல்லாவற்றுக்கும் மேலாக இறந்த கணவன் மொலேஃபியின் கனத்த கம்பளியைப் போர்த்தியிருந்தாள். ஹாரிஸ்மித்தில் நடுக்குளிர்காலமான ஜூன் மாதத்து மின்வெட்டுக்கு அப்படிச் செய்யாவிட்டால் வீட்டுச் செடி ஒன்றும் தங்காது. ஆனால் அந்த நீர் பாதி இரவுக்குள் ஆறிவிடும், எப்போதும் அப்படித்தான். சன்னலின் உட்புறத்தில் பனி பூத்திருந்தது, சமையலறை வாளியில் ஏடுபோல் ஐஸ் படிந்திருந்தது, பாட்டிலோ தொட்ட கையைச் சுட்டது. பெரணித் தொட்டியின் மண்ணுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரரின் அக்குள் போல அதுவும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

"அண்ணி, ராத்திரி எழுந்து தண்ணி மாத்தினீங்களா?"

மொலேஃபியின் அக்கா செலினா நாற்காலியை விட்டு அசையவில்லை. "எனக்கு வேற வேலை இல்ல பாரு. செடிக்கு என்னமா போர்த்துற! புருஷனுக்கு இந்த மாதிரி போர்த்தியிருந்தா இன்னிக்கு எழுந்து நடமாடிட்டு இருப்பான்."

மொலேஃபியை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் இங்கேயேதான் இருந்தாள், துக்கம் காப்பவளைக் காவல் காக்க. கறுப்பு உடுத்தியிருக்கும்வரை மொய்போனே பொழுது சாய்ந்தபின் வாசல் தாண்டக்கூடாது. கறுப்பைக் கழற்றும் நாளில்தான் இறந்தவனின் பொருள்களைக் குடும்பம் பங்கிட்டுக்கொள்ளும். அதுவரை எதுவும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது, எதுவும் பாழாகக்கூடாது. மொலேஃபி விட்டுப்போனதில் முக்கால்வாசி இந்தச் செடிகள்.

"ஒரு தொட்டி செத்துச்சுன்னு வை," என்று செலினா முதல் வாரமே சொல்லிவிட்டாள், "எங்க ஆளுங்க முன்னாடி நானே சொல்வேன், இவளுக்கு ஒன்னையும் காப்பாத்தத் தெரியலன்னு. புள்ள எங்க வீட்டுப் புள்ள. தூக்கிட்டுப் போயிட்டே இருப்போம்."

அந்தப் பிள்ளை, மொய்போனேயின் நான்கு வயது மகள் தெபோஹோ, அன்று காலை சோளக்கூழ் வேண்டாம் என்றாள். மொய்போனே அவள் கையைப் பிடித்தாள். ஆற்றில் கிடந்த கல்லைப் பிடித்ததுபோல் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் மின்சாரம் போனது, ஒவ்வொரு காலையும் பாட்டில்கள் முந்தைய நாளைவிடச் சூடாக இருந்தன. உறைபனிக் காலத்தின் நடுவில் பெகோனியா புதுத் துளிர் விட்டது, வெளிறிய, ரோமம் படர்ந்த துளிர். கம்பளிக்கு அடியிலிருந்து ஈரமண் வாடையோடு இன்னொரு வாடையும் வரத் தொடங்கியது. தூங்கும் குழந்தையின் கழுத்து மடிப்பில் இருக்குமே, பால் புளித்த அந்த வாடை. பிள்ளையிடம் இப்போது அது இல்லை. மொய்போனே முகர்ந்து பார்த்தாள், குளிர் மட்டும்தான் மணத்தது.

மருத்துவமனைத் தாதி பிள்ளையின் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "நோவு ஒன்னும் இல்லம்மா. வீட்டுல போர்வை கீர்வை இருக்கா இல்லையா?" என்று எரிந்து விழுந்தாள்.

அன்று மாலையும் விளக்கு அணைந்தது. வெந்நீர் முழுவதையும் பிள்ளைக்கே வைத்தாள் மொய்போனே. செடிகளுக்கு ஒரு சொட்டும் இல்லை. பாட்டிலைத் துணியில் சுற்றித் தெபோஹோவின் நெஞ்சோடு அணைத்தாள். அது கையிலேயே ஆறியது. இன்னொன்று. அதுவும்.

மூலையில் கம்பளி மெல்ல ஏறி இறங்கியது.

"அம்மா," என்றாள் பிள்ளை. அடுத்த சொல் வரவில்லை.

"அண்ணி! என்ன பண்றீங்க என் பிள்ளைய?"

"நானா?" இருட்டில் செலினா சிரித்தாள். "என் தம்பி சாகும்போது குளிருது குளிருதுன்னான். நீ எங்க இருந்த? கடையில ரொட்டிக்கு வரிசையில நின்ன."

மொய்போனே கம்பளியை இழுத்தாள். வெக்கை முகத்தில் அறைந்தது. சன்னலைத் திறந்தாள். பெரணியைத் தூக்கினாள். வெளியே எறிந்தாள். பெகோனியா. ரப்பர் செடி. தொட்டிகள் உறைந்த தரையில் மோதி உடைந்தன. தடுக்க வருவாள் என்று எதிர்பார்த்த செலினா உட்கார்ந்தே இருந்தாள்.

"எறி, எறி. உன் கையாலேயே எறி. நல்லா இருக்கு."

கடைசித் தொட்டியும் போனது.

மெழுகுவர்த்தியை ஏற்றிப் பிள்ளையின் அருகே கொண்டுவந்தாள். அறைக்குள் அவளுடைய மூச்சு புகையாகத் தெரிந்தது. செலினாவின் மூச்சும் தெரிந்தது.

தெபோஹோவின் வாயருகே ஒன்றும் இல்லை.

அந்த மூச்சு வெளியே இருந்தது, நிலா வெளிச்சத்தில். உடைந்த தொட்டிகளின்மேல், இலைகளுக்கு நடுவிலிருந்து, சின்னச் சின்னப் புகையாக. எழும். நிற்கும். மறுபடி எழும். மூக்கடைத்த பிள்ளை தூங்குவதுபோல, நடுவில் ஒரு தடங்கல்.

சன்னல் ஏறிக் குதித்தாள். கறுப்பு உடை கிழிந்தது. மண்ணை அள்ளினாள். வேர்களை, தண்டுகளை, மடியில் சேர்த்தாள். சால்வையால் மூடினாள். வாயால் ஊதினாள். ஒரு கொத்தில் புகை நின்றது. பக்கத்துக் கொத்திலும்.

பின்னால் சன்னல் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் திரும்பவில்லை. ஊதினாள். மடியில் ஒரே ஓர் இலை மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் ஓரம் கருக்கத் தொடங்கியிருந்தது.