மூன்றாவது அடி

மெர்லினின் பதினேழாவது பாட்டும் எழுபத்தொன்றில் போய் நின்றது. பழைய பாட்டுகளோடு ஒப்புமையை அளக்கும் சாயல்மானியின் திரையில் அந்த எண்ணைப் பார்த்து அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

"துருப்பாலம்தான் மேடம், வேற யாரு?" என்றார் பரிசோதனை அதிகாரி தணிகாசலம். பன்னிரண்டு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி அவருக்கும் சலித்துப்போயிருந்தது. "சாயல் அம்பதுக்கு மேல போனா சான்று கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஒலிபெருக்கி, செல்பேசி, கோயில் மைக் என்று சத்தம் போடுகிற எல்லாவற்றுக்குள்ளும் ஒலிச்சல்லடை என்ற கடுகளவுச் சில்லு உட்கார்ந்திருந்தது. சான்றில்லாத பாட்டு வந்தால் அது வாயைப் பொத்திவிடும். செல்பேசியில் பேசும்போது அப்படியொரு பாட்டை முணுமுணுத்தாலோ மேசையில் தட்டினாலோகூட அந்த இடம் மட்டும் மௌனமாகிவிடும். காப்பியடிப்பவர்களை ஒழிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது?

துருப்பாலம், எண்ணூரில் நான்கு நண்பர்கள் தொடங்கிய ராக் குழு. மொத்தமே ஒன்பது பாட்டுகள். அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் பாட்டுகளில் ட்ரம்ஸின் மூன்றாவது அடி துளி தாமதித்து விழும். அந்தத் துளியில் கேட்பவர் நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும். அதன்பிறகு இசைக்க வந்த யார் கையிலும் அந்த அடி நேரத்துக்கு விழுந்ததில்லை. மெர்லின் மாதக்கணக்கில் மெட்ரோனோம் வைத்துப் பழகினாள். அடி நேரத்துக்கு விழுந்தது, பாட்டு செத்துப்போனது.

நால்வரில் மிச்சமிருந்தவர் ட்ரம்ஸ் வாசித்த லாசர். எண்பதைத் தாண்டியவர். அவரிடம் சண்டை போடுவதற்கென்றே மெர்லின் எண்ணூருக்குப் போனாள்.

"அந்த அடியை எங்கேர்ந்து பிடிச்சீங்க அங்கிள்? எங்க எல்லாரையும் கொன்னுட்டீங்களே!"

லாசர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பீரோவைக் குடைந்து ஒரு பழைய கேசட்டை எடுத்து நீட்டினார்.

"நாங்க எங்கம்மா புடிச்சோம்? இது கல்யாணத்துல வாசிக்கிற ஒரு பேண்டோட கேசட்டு. எங்க டேப்ரெக்கார்டர்ல பெல்ட்டு லூசு. மூணாவது அடிக்கெல்லாம் இழுக்கும். பாட்டே அப்டித்தான்னு நெனச்சி, ஒரு வருசம் உக்காந்து இழுத்து இழுத்து வாசிக்கக் கத்துக்கினோம். அப்பால அந்த பேண்டை நேர்ல கேட்டோம். எங்களுக்குப் புடிக்கவே இல்ல!"

மெர்லின் கேசட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். துருப்பாலமே தேறாது என்றால், அந்த விதி எப்படி நிற்கும்?

"இதை சாயல்மானியில போட்டுப் பாக்கட்டுமா அங்கிள்?"

"போடேன். எனக்கு இன்னா? காலைல எழுந்தா அந்த ஒம்போது பாட்டும் காதுல வுழணும். அவ்ளோதான்."

கேசட்டின் மெட்டுகளுக்கும் துருப்பாலத்தின் ஒன்பது பாட்டுகளுக்கும் சாயல் தொண்ணூற்றேழு என்று காட்டியது சாயல்மானி. தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அன்னைக்கே இந்த மெஷின் இருந்திருந்தா துருப்பாலமே இருந்திருக்காது சார்," என்றாள் மெர்லின். "இப்பவாவது விதியைத் தூக்கச் சொல்லுங்க."

"மேல எழுதுறேன் மேடம்," என்றார் அவர். சொன்னபடி எழுதவும் செய்தார், பாவம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. விதி நீக்கப்படவில்லை. விதி எல்லோருக்கும் சமம் என்பதால், துருப்பாலத்தின் ஒன்பது பாட்டுகளுக்கும் சான்று ரத்து செய்யப்பட்டது. சான்றில்லாத பாட்டோடு சாயல் பார்க்க வழியில்லை. மனுதாரரின் பாட்டுகளில் இருந்த சாயல் அந்த மூன்றாவது அடி மட்டுமே; கல்யாண பேண்டின் அடியோ நேரத்துக்கு விழுகிறது, அதோடும் ஒப்புமை இல்லை. ஆகவே மனுதாரரின் பதினேழு பாட்டுகளிலும் சாயல் பூஜ்யம். ஓரத்தில் 'வாழ்த்துகள்' என்று தணிகாசலம் கைப்பட எழுதியிருந்தார்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் அவள் பாட்டு முதன்முறையாக ஒலித்தது. ஓட்டுநர் தலையாட்டினார். "அந்த மூணாவது அடி இருக்கு பாருங்க, புதுசா இருக்கு. யார் கண்டுபிடிச்சாங்களோ!"

மெர்லின் வாயைத் திறப்பதற்குள் செல்பேசி அடித்தது. லாசர்.

"இன்னாம்மா, வூட்ல பாட்டு நின்னுபூட்ச்சி. பொட்டி கெட்டுப்போச்சா? சரி, வுடு. எனக்கு எதுக்குப் பொட்டி? இரு, மேசைல தட்டுறேன், கேளு."

செல்பேசி மௌனமானது. அந்த மௌனத்துக்குள் மெர்லின் விரல்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு. மூன்றைத் துளி தாமதித்து எண்ணினாள்.

"கேக்குதாம்மா?" என்று திரும்பி வந்தது லாசரின் குரல்.

"கேக்குது அங்கிள்," என்றாள் அவள்.