குரலுக்குப் பின்னால் ஒரு வீடு

அந்த மின்விசிறிச் சத்தம் முதலில் கேட்டபோது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இணையத் தேர்தலில் இயந்திரங்கள் கள்ள ஓட்டுப் போடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஓட்டுப் போடுகிறவர் திரையில் தெரியும் சில சொற்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கணினிக்குச் சந்தேகம் வந்த குரல்கள் மட்டும் அவள் வீட்டு மேசைக்கு வரும். கேட்டுவிட்டு ‘மனிதர்’ என்றோ ‘இயந்திரம்’ என்றோ அழுத்துவாள்.

அவள் குரலைக் கேட்பதில்லை. குரலுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்பாள். இயந்திரக் குரலுக்குப் பின்னால் துடைத்துவிட்டாற்போல் வெறிச்சென்று இருக்கும். மனிதர் என்றால் பின்னால் ஒரு வீடு இருக்கும். குழாய் ஒழுகும், பாத்திரம் உருளும், யாரோ யாரையோ திட்டுவார்கள். கணவர் போன பிறகு பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவளுக்கு அந்தத் திட்டுகூட ஆறுதல். சில குரல்களை வேலை முடிந்தும் மறுபடி போட்டுக் கேட்பாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

இன்று மதியத்திலிருந்து ஓய்வில்லை. கிழக் குரல், இளசுக் குரல், சளி பிடித்த குரல் என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மின்விசிறி. டிக், டிக், ஓர் இடறல், மறுபடி டிக். நாற்காலி முனகியது. ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறாமையோடு எல்லாவற்றையும் ‘மனிதர்’ என்று ஏற்றுக்கொண்டாள். மின்விசிறி அவ்வளவு பக்கத்திலும் அந்தப் பெண்ணின் செருமல் எங்கோ கீழேயும் ஏன் கேட்கின்றன என்று அவள் யோசிக்கவில்லை.

பொழுது சாயும்போது மேற்பார்வையாளன் கூப்பிட்டான். ஹெட்போனிலேயே எடுத்தாள்.

“அக்கா, இன்னைக்கு ஒண்ணைக்கூட நீங்க தள்ளலையே? எல்லாம் மனுஷங்களா?”

“பின்னாடி வீடு கேக்குதுப்பா. எல்லாம் ஒரே வீடு மாதிரி.”

“ஒரே வீடா? எல்லாம் வேற வேற ஊர், அக்கா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஓட்டு முடியறதுக்குள்ள சொன்னா ரத்து பண்ணிடலாம். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நானே கூப்பிடறேன்.”

“சரி, மறுபடி கேட்டுட்டுச் சொல்றேன்.”

ஹெட்போனைக் கழற்றினாள். மதியத்துக்குப் பிறகு இப்போதுதான் கழற்றுகிறாள்.

டிக், டிக். இடறல். டிக்.

தலைக்கு மேலே. “அடுத்த வாரம் சரி பண்றேன்” என்று சொல்லிச் சொல்லியே கணவர் செய்யாமல் போய்ச் சேர்ந்த மின்விசிறி.

புதிய குரல் ஒன்று வந்து காத்திருந்தது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தாள். ஒரு கிழவரின் குரல் நிதானமாகச் சொற்களைப் படித்தது. பின்னால் மின்விசிறி. அதற்கும் கீழே ஒரு பெண் சொன்னாள்.

“சரி, மறுபடி கேட்டுட்டுச் சொல்றேன்.”

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய் மின்விசிறியை நிறுத்தினாள். திரும்பி வந்தபோது இன்னொரு குரல். வயசுப் பெண். டிக் சத்தம் இல்லை. சுவிட்ச் ஓசை. செருப்பு தேயும் ஓசை.

எல்லாம் கீழேயிருந்து.

நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தாள். மேசை விளக்கில் மின்விசிறியின் நிழல் சுற்றி ஓய்ந்து நின்றது.

மூன்று இறக்கை மின்விசிறி.

நிழலில் நான்கு.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

“அக்கா, நேரமாச்சு. என்ன பண்றது? ரத்து பண்ணிடவா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை. காற்றுகூட வரவில்லை.

“வேணாம்ப்பா,” என்றது அவள் குரல், மேலேயிருந்து. “எல்லாம் மனுஷங்கதான்.”

“சரிக்கா. போய்த் தூங்குங்க.”

போன் அடங்கியது. சுவரில் நான்காவது இறக்கை மெல்ல மடங்கி, கீழே இறங்க ஆரம்பித்தது.