களத்தைத் தாண்டிய கால்

காலை 6.50. மாணிக்கம் வாத்தியார் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ஒரே அடி. பேனா இன்னும் விரலிடுக்கில் இருந்தது. காபியோடு பின்வாசல் வழியாக வந்த அவர் அக்கா பழனியம்மாள் போட்ட அலறலில் மலை மேலிருக்கும் அரியூர் நாட்டின் அந்த மூலையே கூடிவிட்டது.

7.05. ரோட்டோரம் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஏற்ற வந்து நின்ற லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் பூபதியை இழுத்து வந்து பலாமரத்தில் கட்டினார்கள். அவன் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சிக்காரன், வெளியூரான். லாரிக்கடியில் அவனுடைய ரப்பர் பூட்ஸ் கிடந்தது. அதில் ரத்தம். போதாதா? கூட்டத்துக்குப் போதும்.

7.40. சப்-இன்ஸ்பெக்டர் பூங்குழலி ஜீப்பிலிருந்து இறங்கியபோது நாற்பது பேர் கையில் தடி இருந்தது. அவளுடன் வந்தவன் ஒரே ஒரு கான்ஸ்டபிள், யுவராஜ். கூடுதல் போலீஸ் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வர ஒன்றரை மணி நேரமாகும். அதுவரை பூபதியை யார் விட்டு வைக்கப் போகிறார்கள்? பூங்குழலி பலாமரத்தை நோக்கி நடந்தாள்.

"அவன எங்ககிட்ட உட்டுட்டு நீங்க போங்கம்மா," என்றான் தனபால். செத்தவரின் தம்பி. "ஜெயிலு, கோர்ட்டு எல்லாம் வேண்டாம்."

"விசாரிக்காமப் போக மாட்டேன். தள்ளுங்க."

பூபதியின் உதடு கிழிந்திருந்தது.

"ராத்திரி எங்கே இருந்தே?"

"வண்டிலதானுங்கம்மா. காலைல லோடு ஏத்தோணும்னு படுத்துட்டேன்."

"பூட்ஸ்?"

"எப்பவும் கழட்டி வண்டிக்கடிலதான் வெப்பனுங்க."

"வாத்தியாரோட உனக்கு ஏதோ சண்டையாமே, என்ன அது?"

"முந்தாநேத்து பூட்ஸ் காலோட அவரு களத்துல நடந்துட்டனுங்க. நாலு வார்த்த திட்டுனாரு, நானும் பதிலுக்குத் திட்டிப்புட்டேன். அதுக்குப் போயி ஒரு உசுர எடுப்பாங்களா? ஊட்ல புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி இருக்குறாளுங்க. என்னையக் காப்பாத்துங்கம்மா."

அவனை மரத்திலிருந்து அவிழ்த்து, பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து வாத்தியார் வீட்டு முன்வாசலில் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். கைக்கட்டை அவிழ்க்க மட்டும் கூட்டம் விடவில்லை.

8.00. ரோட்டிலிருந்து பனியில் நனைந்த மண்பாதை ஒன்று வந்தது. அப்புறம் சாணம் மெழுகிய கதிரடிக்கும் களம், அதைத் தாண்டி மறுபடி பத்தடி மண், வாசல். மண்ணில் ரப்பர் பூட்ஸ் தடம் போகவும் வரவும் தெளிவாக இருந்தது.

"களம் எப்ப மெழுகுனது?" என்று பழனியம்மாளைக் கேட்டாள்.

"நேத்துச் சாயங்காலம் ஆறு மணிக்கு நாந்தேன் மொழுகுனேன் கண்ணு. இன்னிக்குச் சாமை அடிக்கோணும்னு." அவள் மூக்கைச் சிந்தினாள். "அப்புறம் ஆரும் இப்புடி வரல. காலைல எல்லாரும் பின்வாசல்லதேன் ஓடியாந்தாங்க."

யுவராஜ் தடத்தைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று களத்தின் ஓரத்தில் கால் வைத்தான்.

"அடப் பாவி! செருப்பக் கழட்டு சாமி!" பழனியம்மாள் அந்த அழுகையிலும் கத்தினாள். "தானியம் கொட்டுற எடம்!"

யுவராஜ் துள்ளி இறங்கினான். கீழே பேளுக்குறிச்சியில் பிறந்தவன், காலுக்கு அந்தப் பழக்கமில்லை, பாவம், அவன் நினைப்பெல்லாம் கொலையில் இருந்தது. ஈரச் சாணத்தில் அவன் ஷூ அச்சாகப் பதிந்துவிட்டது.

பூங்குழலி ஷூவைக் கழற்றிவிட்டுக் களத்தின் விளிம்பிலேயே நடந்து, குனிந்து பார்த்தாள். நடுவில் வெறுங்கால் தடம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. வலது காலில் நாலு விரல்தான் பதிந்திருந்தது. இரண்டு முறங்களை வாங்கி நல்ல தடங்களின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

8.15. மேஜையில் வாத்தியாரின் தடித்த நோட்டு விரிந்திருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஆங்கிலச் சொற்களின் பிறப்பு வளர்ப்பை எழுதி வந்தார். கடைசிச் சொல், 'பிளாண்ட்'.

'செடி. நடுதல். ஆலை. அப்புறம் பேச்சு வழக்கில், பிறன் மேல் பழி விழும்படி ஒரு பொருளை அவனிடத்தில் வைத்தல். மூலம் இலத்தீன், பிளாண்டா. இளங்குச்சி என்று பொருள். உள்ளங்கால் என்றும் பொருள். குச்சியைக் காலால் மிதித்து ஊன்றியதில் வந்த சொல்லாக இருக்கலாம், உறுதியில்லை.'

'ஆலை' என்பதற்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வரி. 'இதற்கு மட்டும் நம் காட்டில் இடமில்லை. கையெழுத்துப் போட மாட்டேன்.'

"என்ன கையெழுத்து இது?"

பழனியம்மாள் தயங்கினாள். "குச்சிக்கிழங்குல ஜவ்வரிசி பண்ணுற சேகோ ஃபேக்டரி கட்ட எங்க நெலத்த, இந்தக் காட்டக் கேட்டாங்க. கூட்டுப் பட்டா. நாங்க மூணு பேரும் போடோணும். நானும் தனபாலும் போட்டுட்டோம். பெரிய தம்பிதேன் முடியவே முடியாதுன்னுட்டான்."

8.30. கூட்டம் முன்பக்கம் வந்து பாதையை அடைத்து நின்றது. யாரோ ஒருவன் கயிறு கொண்டு வரச் சொன்னான். பூபதி வாய்விட்டு அழுதான்.

பூங்குழலி உரக்கச் சொன்னாள். "இவன் கொல்லலை. இப்பவே விடப் போறேன்."

"என்னது!" தனபால் தடியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். வெறி பிடித்த ஓட்டம். களத்தின் விளிம்பு வந்ததும் இரண்டு செருப்பும் காலை விட்டு நழுவி விழுந்தன. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு களத்தைக் கடந்து வந்தவன் நெஞ்சுக்கு நேரே பூங்குழலியின் துப்பாக்கி நின்றது.

"அசையாதீங்க தனபால். யுவராஜ், முறத்தை எடு."

பழைய தடமும் புதுத் தடமும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. இரண்டிலும் வலது காலுக்கு நாலு விரல். யுவராஜ் அவன் காலைப் பார்த்தான். இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறிக் கிடந்தது.

"பூபதியோட பூட்ஸை நேத்து ராத்திரி எடுத்து மாட்டிக்கிட்டீங்க," என்றாள் பூங்குழலி. "மண்ணுல அவன் தடம் விழணும். திரும்பிப் போய் ரத்தத்தோட அதை அங்கயே வெக்கணும். எல்லாம் சரியா யோசிச்சீங்க. ஆனா களம் வந்ததும் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டீங்க. தாண்டினதும் மாட்டினீங்க. வரும்போதும் அப்படியே. பொறந்ததுலேருந்து பழகின கால், உங்களைக் கேக்கலை. பாக்கறவங்க ரெண்டு பக்கமும் பூட்ஸைப் பார்த்துட்டு நடுவுல பாக்க மாட்டாங்க. களத்துல வெறுங்கால் இருக்கறதுல என்ன அதிசயம்னு விட்டுடுவாங்க."

"ஆரு காலா இருந்தா என்ன? பூபதியும் கழட்டியிருக்கலாமுங்க," என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

"களத்துக்காகச் சண்டை போட்டவன், அந்த ஆளைக் கொல்ல வரும்போது அவர் களத்துக்கு மரியாதை குடுப்பானா? குடுத்தான்னே வெச்சுக்கலாம். இந்த நாலு விரல் அவனுக்கு ஏது?"

தனபாலின் கையிலிருந்து தடி விழுந்தது. "ஃபேக்டரி வந்திருந்தா எல்லாரும் நல்லாருந்திருப்பம்," என்றான் தரையைப் பார்த்து. "எழுதிட்டே இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல. முடியாதுன்னு மட்டும் சொன்னாரு."

யுவராஜ் விலங்கு மாட்டினான். படி இறங்கும்போது தனபால் நின்றான்.

"அக்கா, அண்ணனுக்குப் புள்ள குட்டி இல்ல. மொதப் பிடி மண்ணு நாந்தானே போடோணும். போட்டுட்டுப் போறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு."

பழனியம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணில் பொட்டு நீரில்லை.

"எனக்கு இருந்தது ரெண்டு தம்பி. நேத்தோட ரெண்டும் போச்சு. நீ ஆரு?"

பிறகு அவள் பூபதியிடம் வந்து, அவன் கைக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ வெகுநேரம் ஆயிற்று. நாற்பது பேரில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை.