நிறமில்லாக் கண்ணாடி

கோடை முடிகிற வாரத்தில் ரெஜினா அக்கா கடைக்குக் கண்ணை முழுக்க மூடும் விழிகாப்பு வாங்கப் போனவள் நான் ஒருத்திதான். தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே போனேன். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் வாங்க வேண்டும். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டின் திறப்பில் விழிகாப்பின் விளிம்பு இடித்தால் மூக்கு அமுங்கிவிடும், ஏற்றத்தில் மூச்சு வாங்க முடியாது.

நான் எடுத்தது விழிகாப்பே இல்லை. காதில் மாட்டுகிற, நிறமில்லாத சாதாரணக் கண்ணாடி.

"இது வீட்டுக்குள்ள போடுறதுடி பொன்மணி, வெளிய நிழல்ல கொஞ்ச நேரம்தான் தாங்கும்" என்றார் அக்கா. "காதுத் தண்டு ஹெல்மெட் பஞ்சுல அமுங்கி நெத்திப்பொட்டுல குத்தும். கீழ வழியா தூசி ஏறும்."

"நின்னா ஆவி படியாதுல்ல?"

"படியாது. சுத்தி காத்து ஓடுமே. நீ எதுக்கு நிக்கப் போற?"

நான் சில்லறையைத் தேடுவதுபோலப் பையைத் துழாவினேன். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

வானத்தின் மேலடுக்கு மெலிந்துபோனபின் மலையில் கோடை முழுக்க யாரும் வெறுங்கண்ணோடு வெளியே வருவதில்லை. நிழலில்கூட வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும். பள்ளியில் 'அ' எழுதுவதற்கு முன்பே ஒன்றைப் பழக்குவார்கள்: விழிகாப்பைக் கழற்றினால் கண்ணை மூடு. தூக்கத்தில் கழன்று விழுந்தாலும் எங்கள் இமை தானாக இறுகிக்கொள்ளும்.

சாலை சரிந்த பிறகு மருந்துகள் சைக்கிளில்தான் வருகின்றன. கொடைக்கானலிலிருந்து சகாயராஜ் குளிர்பெட்டியோடு இறங்குவார். பண்ணைக்காட்டிலிருந்து நான் ஏறுவேன். நடுச்சோலையில் பெட்டி கைமாறும். அவர் ஏறிப் போவார், நான் இறங்கி வருவேன். மூன்று கோடையாக இதுதான். அவர் குரல் தெரியும், கை தெரியும், கேலி பேசும்போது தலையைச் சாய்ப்பது தெரியும். படம் அனுப்பியிருக்கிறார். ஆனால் படத்தில் அவர் கேமராவைத்தான் பார்க்கிறார். அவர் என்னைப் பார்க்கும்போது அந்தக் கண் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்தே ஏற்றத்தை ஏறிவிடுவேன்.

அடுத்த கோடையில் மருந்து கொண்டுவரக் கம்பிவடப் பெட்டி ஓடத் தொடங்கிவிடும். அவருக்கு வால்பாறையில் வேலை சொல்லியாகிவிட்டது. நாளைதான் கடைசி.

மறுநாள் கருப்பு வில்லை போட்ட பழைய விழிகாப்போடுதான் ஏறினேன். சோலைக்குள் நுழைந்ததும் கண்ணை இறுக மூடி அதைக் கழற்றிப் பையில் போட்டேன். புதுக் கண்ணாடியைச் செருகியபோது அக்கா சொன்னபடியே பொட்டில் குத்தியது.

சகாயராஜ் இறங்கி வந்தார். அவர் விழிகாப்பிலும் நிறமில்லை. கண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருக்கிறது.

பிரேக் பிடித்து நின்றார். நின்ற மறுகணம் வில்லை முழுக்க வெண்ணிறமாக ஆவி படிந்தது. முகத்தோடு ஒட்டுகிற விழிகாப்பு ஓடும்போது தெளியும், நின்றால் மூடிக்கொள்ளும். இறங்குகிற வேகத்திலேயே இருந்த மனுஷன் அதை மறந்துவிட்டார்.

"பொன்மணி, வரும்போது பார்த்தேன், கண்ணாடியா போட்டிருக்கீங்க? இப்ப எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சிரித்தார். "கூட கொஞ்ச தூரம் இறங்கி வர்றேன். காத்து பட்டா தெளிஞ்சிடும்."

"அப்புறம் இதைப் போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல ஏறுவீங்களா? கருப்பு வில்லை எங்க?"

"எடுத்துட்டு வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்ணைக் காட்ட வந்தவர் கண்ணையே பணயம் வைத்து வந்திருக்கிறார். பையிலிருந்து என் விழிகாப்பை எடுத்து நீட்டினேன்.

"இதைப் போடுங்க. எனக்கு இறக்கம்தான், சீக்கிரம் போயிடுவேன்."

"வேணாங்க. உங்களுக்கு?"

"சொன்னா கேளுங்க. மாத்துங்க."

தன்னுடையதை அவர் கழற்றத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இதோ, இப்போது பார்த்துவிடலாம்.

வார் தளர்ந்தது, விழிகாப்பு கீழே இறங்கியது. அவர் கண்களை இறுக மூடியிருந்தார்.

வெயிலே படாத அந்த வெளிறிய பட்டையில் இரண்டு இமைகள் இருந்தன. வலது இமையில் ஒரு சின்ன மச்சம். இமைக்குள் விழி அசைந்தது. கையால் தடவித் தடவி என் விழிகாப்பைத் தேடினார். நான் உடனே கொடுக்கவில்லை.

'திறங்க' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் திறந்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. இந்த மலையில் பிரியம் உள்ள யாரும் யாரிடமும் அதைக் கேட்க மாட்டார்கள்.

அவர் கையில் விழிகாப்பை வைத்தேன். என் வியர்வையில் நனைந்த பஞ்சு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கருப்பு வில்லையில் ஆவி படிகிற வரை அதன் பின்னாலிருந்து என்னையே பார்த்தார்.

"இப்ப தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது" என்றார். "நல்லாத் தெரியுது. ரொம்ப நேரம் இதோட இருக்காதீங்க, இறங்குங்க."

குளிர்பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு இறங்கினேன். கண்ணாடியின் கீழ்வழியாகத் தூசி ஏறிக்கொண்டே இருந்தது. வளைவில் கண்ணைத் துடைத்துக்கொள்ள நின்றேன். மேலே, என் விழிகாப்பைப் போட்டுக்கொண்டு அவர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்.