நீல அந்தியில் சூசைமிக்கேல்

செம்புழுதிப் பட்டணத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வந்தாரோ இல்லையோ, குற்றாலம் வந்தாக வேண்டும். செவ்வாய்க் கோளில் அருவிக்கு எங்கே போவது? தில்லைநாயகியின் நிழற்படக் கூடத்துக்குத்தான். அங்கே ஒரு சுவர் முழுக்க ஒளித்திரை. அதில் குற்றாலம் இரைச்சலோடு கொட்டும். அதன் முன்னால் மணமக்கள் நிற்பார்கள். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்று இருவர் தலையிலும் அரைக் குவளை தண்ணீர் தெளிப்பாள் நாயகி. அன்றைய குடிதண்ணீர்ப் பங்கில் அது கழிந்துவிடும். தொண்டை காய்ந்தாலும் காயட்டும், படம் நன்றாக வந்தால் போதும் என்பார்கள். அந்த ஊரில் பிறந்த ஒருவரும் அருவியைக் கண்டதில்லை. ஆனால் அருவியில் நனைந்து வெடவெடப்பது எப்படி என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நாயகி தொழிலில் புலி. மூக்கு எடுப்பான பெண்ணை எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துவது, பெண்ணைக் கொடுத்த துக்கத்தில் இருக்கிற மாமனாரை என்ன சொல்லிச் சிரிக்க வைப்பது, எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் மனசு கூடத்தில் தங்கவில்லை. ஊரை மூடியிருந்த கண்ணாடிக் கூரைக்கு வெளியே கிடந்தது. கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், காப்புடையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். செங்குத்துப் பாறைகள், சுழன்றாடும் புழுதிக் கம்பங்கள், விடியலில் பள்ளத்தாக்கில் படியும் வெள்ளைப் பனி! எடுத்துத் தள்ளினாள். வாங்கத்தான் நாதியில்லை. "தினம் தொடைக்கிற புழுதிய சுவத்துல வேற மாட்டணுமா?" என்று கேட்டுவிட்டு, குற்றாலத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. வியாழனின் பனிநிலவுக்கு முதல் குடியேற்றக் கப்பல் புறப்படப் போகிறது. அதில் நிழற்படக் கலைஞருக்கு ஓர் இடம். ஒரே ஓர் இடம்! விண்ணப்பிக்க ஒரே ஒரு படம் அனுப்ப வேண்டும். ஆளும் நிலமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். ஒட்டுவேலை கூடாது. நாயகி துள்ளிக் குதித்தாள். செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் பாதிகூட இல்லை என்பதால் அங்கே துள்ளினால் தலை கூரையில் இடிக்கும். இடித்தது. தேய்த்துக்கொண்டே மறுபடி துள்ளினாள்.

மனிதன் இதுவரை இறங்கி நின்று படமெடுக்காத ஓர் உலகம்! அதன் முதல் விடியலை எடுக்கப்போகும் கை தன்னுடையதாகவே இருக்க வேண்டும். இது தப்பினால் ஆயுசுக்கும் குற்றாலம்தான். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சிக்கல் ஒன்று இருந்தது. வெட்டவெளியில் ஆளைப் படமெடுக்கவே முடியாது. தலைக்கவசத்தின் முன்னால் பொன்முலாம் பூசிய வெயில்மறைப்பு இருக்கும். அதில் தெரிவது எதிரே நிற்கிற படக்காரியின் பிம்பம்தான். ஆகவே ஊரில் எல்லாரும் கவசத்தை வெளியே எடுப்பார்கள், முகத்தைக் கூடத்தில் எடுப்பார்கள், பிறகு ஒட்டிவிடுவார்கள். நாயகி யோசித்தாள். சூரியன் இறங்கும் நேரத்தில் வெயில் சோர்ந்துபோயிருக்கும். அப்போது பொன்மறைப்பை மேலே தூக்கிவிட்டால்? உள்ளே இன்னொரு கண்ணாடி இருக்கிறது, தெள்ளத் தெளிவானது. முகம் அப்படியே தெரியும். அட, இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

முகத்துக்குச் சூசைமிக்கேலைப் பிடித்தாள். நிலத்தடியில் பனிக்கட்டி வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் சுரங்கத்தில் மேஸ்திரி. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கிற மனிதர்.

"ஏ தங்கச்சி, ஊருல வேற மூஞ்சியே கெடைக்கலியா ஒனக்கு? பொழுது விடியுமுன்ன உள்ள எறங்கி, அடைஞ்ச பொறவு ஏறி வாறவன் நான். பெருச்சாளிய யாராவது படம் புடிப்பாங்களா?"

"வியாழன் வரைக்கும் போற மூஞ்சிண்ணே உங்களது. பேசாம கெளம்புங்க. புழுதிப் புயல் இன்னிக்குத்தான் அடங்கியிருக்கு. நாளைக்கு என்னாகுமோ!"

அந்திக்குக் காப்புடையோடு வெளியே போய் மேட்டில் ஏறி நின்றார்கள். பூமியில் பகல் வானம் நீலம், அந்தி வானம் சிவப்பு. செவ்வாயில் எல்லாம் தலைகீழ். பகலெல்லாம் வானம் வெல்லப்பாகு நிறத்தில் மங்கிக் கிடக்கும். சூரியன் இறங்கும்போது அதைச் சுற்றி நீலம் பூக்கும். மாவு போன்ற புழுதி மற்ற நிறங்களைச் சிதறடித்துவிட்டு நீலத்தை மட்டும் நம்மிடம் விடுவதால் அப்படி. சூசைமிக்கேல் பொன்மறைப்பைத் தூக்கினார். எல்லாரையும் போலக் கேமராவைப் பார்த்து ஈயென்று பல்லைக் காட்டினார். பிறகு கண் தானாகப் பக்கத்தில் போயிற்று.

"என் மாதாவே!" என்றார். பல் மறைந்துவிட்டது. "முப்பது வருசமா இங்கனதான் கெடக்கேன். இதுவா நம்ம ஊரு? ஏ புள்ள, நெசமாவே இதுவா?"

அந்த முகம்! நீல வெளிச்சம் அதில் வழிந்தது. அந்தப் பக்கம் சூரியன், இந்தப் பக்கம் அதை விழுங்குவது போலப் பார்க்கிற மனிதர். நாயகி அழுத்தினாள். சந்தோஷத்தில் அவள் போட்ட கூச்சல் கவச வானொலியில் அவர் காதைப் பிளந்தது.

"மெள்ளக் கத்து தாயி! காது போச்சு!"

படம் போனது. அது நேரே நடுவர்களிடம் போகாது. முதலில் மெய்காணியிடம் போகும். பொய்ப்படங்கள் மலிந்துவிட்ட காலம் அல்லவா, அதனால் மெய் எது பொய் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு பொறியை வைத்திருந்தார்கள். மனிதர்கள் அதுவரை ஊருக்குக் காட்டிய கோடானுகோடி படங்களைப் பார்த்துப் பாடம் கற்ற பொறி. அது நாயகியின் படத்தை ஒரு நொடி பார்த்தது. பொய் என்றது.

காரணமும் சொன்னது. "ஒன்று: செவ்வாய் அந்தி செம்மஞ்சள் நிறம். எல்லாப் படங்களிலும் அப்படியே." உண்மைதான். ஊரில் இருந்த கேமராக்கள் எல்லாம் பூமியில் செய்தவை. நீல அந்தியைக் கண்டால் ஏதோ கோளாறு என்று தாமாகவே அதைச் செம்மஞ்சளாக்கிவிடும். நாயகி மட்டும்தான் அந்த வசதியைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். "இரண்டு: படத்திலுள்ள மனிதர் காட்சியைப் பார்க்கிறார். காட்சிக்கு வந்த மனிதர் அதற்கு முதுகைக் காட்டிக் கேமராவைப் பார்ப்பதே இயற்கை. எனவே இந்த மனிதர் செயற்கை."

விஷயம் சுரங்கத்துக்கு எட்டியதும் சூசைமிக்கேல் கொதித்துப்போனார். "வானம் பொய்யின்னா சொல்லிட்டுப் போவுது. நானே பொய்யா? எம் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லச் சொல்லு பாப்போம்!"

நாயகி விடுகிற ஆளா? விறுவிறுவென்று தேர்வுக் குழுவின் வாசலில் போய் நின்றாள். குழுவில் மூன்று பேர். தலைவி டாக்டர் கமலவேணி, நல்லவர்தான்; ஆனால் பொறியின் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

"மெய்காணி சொன்னா சொன்னதுதாம்மா. நாங்க என்ன பண்ண முடியும்?"

"பொறிய விடுங்க மேடம். உங்களுக்குக் கண்ணு இல்லையா? இதோ சூரியன் எறங்கப் போகுது. மேல பார்வைக்கூடம் வரைக்கும் ஒரே ஒரு தடவ வாங்க. பாத்துட்டு அப்புறமும் பொய்னு சொன்னா நான் பேசாம போயிடறேன்."

அவள் கெஞ்சிய கெஞ்சலுக்கு மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பார்வைக்கூடத்தைத் திறந்துவைத்தவரே கமலவேணிதான். அதற்குப் பிறகு போக நேரம் வாய்க்கவில்லை. பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நீலம், நீலம், அப்படியொரு நீலம்!

"அடடா!" என்றார் கமலவேணி. மற்ற இருவருக்கும் வாய் பிளந்துவிட்டது. நாயகி முடிவே கட்டிவிட்டாள். ஜெயித்தாயிற்று! பனிநிலவு கைக்கு வந்தாயிற்று!

மூன்று கைகள் மூன்று பைகளுக்குள் போயின. மூன்று கேமராக்கள் வெளியே வந்தன. மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போலத் திரும்பி நின்று, கையை நீட்டி, தலையைச் சாய்த்து, பல்லைக் காட்டினார்கள். பிறகு எடுத்ததைக் குனிந்து பார்த்தார்கள்.

"பாத்தியாம்மா? செம்மஞ்சள்தான்" என்றார் கமலவேணி அன்போடு. "ஒரு நிமிஷம் நம்ம கண்ணே ஏமாந்துபோச்சு."

"ஐயோ மேடம், உங்க முதுகுக்குப் பின்னாடியே இருக்கு! திரும்பிப் பாருங்களேன்!"

"இரும்மா, இதுல கண்ண மூடிட்டேன். நீதான் கெட்டிக்காரியாச்சே, எங்க மூணு பேரையும் சேத்து ஒண்ணு எடேன்."

நாயகிக்கு அழுகை முட்டியது. ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது? "சார், நடுவுல வாங்க. மேடம், தோள இறக்குங்க. ஆங், அப்படியே!" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்ல, கை தன்பாட்டுக்கு அழுத்தியது. படத்தைப் பார்த்த கமலவேணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்நாளில் தன்னை இவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லையாம்.

"ஆளும் இருக்கு, நிலமும் இருக்கு. வேணும்னா இதையே உன் படமா அனுப்பிப் பாரேன்" என்றார்.

விரக்தியோடு அனுப்பினாள். மெய்காணி கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"வானம் நீலம்: கண்ணாடிக் கோளாறு, பொருட்படுத்த வேண்டியதில்லை. மனிதர்கள் மூவரும் அசல். ஒருவர்கூடக் காட்சியைப் பார்க்கவில்லை. மெய்."

அவ்வளவுதான்! கைதட்டல், வாழ்த்து, கைகுலுக்கல். இடம் கிடைத்துவிட்டது! வியாழன்! பனிநிலவு! முதல் விடியல்! நாயகிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கூரை இடிக்கத் துள்ளினாள். இந்தச் செய்தியை முதலில் சூசை அண்ணனுக்குத்தான் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் நம்புவாரா? கேமராவை எடுத்துக் கையை நீட்டினாள். நடுவர்களைத் தோளோடு தோள் இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். படம் பறந்தது, பின்னாலேயே அவளுடைய அழைப்பும் போனது.

"அண்ணே! கெடைச்சிருச்சுண்ணே! படம் பாத்தீங்களா?"

"பாத்தேன் தாயி, பாத்தேன்! மகராசியா போய்ட்டு வா!" சுரங்கத்தின் அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு ஆசையாகக் கேட்டார்: "நான் இன்னைக்கும் இங்கன உள்ளேதாம்மா கெடக்கேன். இன்னைக்குச் சூரியன் எப்படி எறங்குச்சு? படத்துல காணலியே?"

நாயகி படத்தை உற்றுப் பார்த்தாள்.

"என் தலை மறைச்சிருச்சுண்ணே."