பின் சீட்டுப் பள்ளம்

பெயின்ட் வேலை முடிந்த அன்று சாயங்காலம்தான் தணிகாசலம் அதை முதலில் கவனித்தார். பின் சீட்டில், டிரைவருக்கு நேர் பின்னால், ஒரு பள்ளம் இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்து இப்போதுதான் எழுந்து போனது மாதிரி. முந்தின நாள்தான் புது ரெக்சின் போட்ட சீட்டு. அதில் அவரே இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கையால் தட்டிவிட்டார். ஸ்பிரிங் எழும்பி, பள்ளம் சமமானது. கதவைச் சாத்திவிட்டு வண்டியைச் சுற்றி வந்து, வெண்ணெய் நிறத்தில் மின்னிய கதவுகளைப் பெருமையாகத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தால், அதே இடத்தில் அதே பள்ளம். தேங்காய் நாரைச் சரியாக அடைக்கத் துப்பில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சோறு வடிக்கப் போனார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் கார் ஆசை வந்ததைப் பற்றி ஆரணிக் கடைத்தெருவே சிரித்தது. "இன்னா தணிகாசலம், நாலு தறிய வெச்சிகினு ஜமீன்தார் ஆயிட்டியா?" என்று நேராகவே கேட்டார்கள். வாலிபத்தில் ஒரு டாக்டருக்கு மூன்று வருஷம் கார் ஓட்டியிருந்ததால் ஓட்டத் தெரியும். எதற்கு வாங்கினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

போன ஆடியில் மனைவி காசியம்மாள் போய்ச் சேர்ந்தாள். மகள் தனக்கோடிக்கு அப்போது நாலாம் மாசம். தாயில்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு அனுப்ப முடியாது என்று வேலூர் சம்பந்தி வீட்டார் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாசம் ஆகப்போகிறது. பேரனை அவர் பார்த்தது இரண்டே முறை. மகளை ஒரு மாசம் அனுப்பி வையுங்கள் என்று கேட்டபோது சம்பந்தியம்மா, "கைக்குழந்தைய பஸ்ல அனுப்ப மாட்டோங்க. சொந்தமா ஒரு வண்டி வெச்சிகினு வாங்க, அனுப்பறோம்" என்றாள். பேச்சை முடிப்பதற்காக அவள் சொன்னதுதான். அவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்து தறிக்காரர்கள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான். அரை ஆழாக்கு அரிசி போட்டாலும் சோறு மீந்துபோகிற வீடு. அதற்குள் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

வண்டியைக் காட்டியவன் போளூர் புரோக்கர் காத்தவராயன். சந்தவாசலில் ஒரு கொட்டகைக்குள் எட்டு வருஷமாகக் கிடந்த அம்பாசிடர். நாலு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. என்ஜினுக்குள் எலி குடும்பம் நடத்தியது. சாவியைக் கொடுக்கும்போது காத்தவராயன் ஒன்று சொன்னான்.

"மத்தது எல்லாம் ரிப்பேர் பண்ணிக்கலாங்க. பின் சீட்ட மட்டும் அடியோட கழட்டி எரிச்சிடுங்க. ஒரு நூலு கூட வெக்காதீங்க."

"ஏன்பா?"

"வீச்சங்க" என்று சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

என்ஜினை மெக்கானிக் வேடியப்பன் பார்த்துக்கொண்டான். மீதி எல்லாம் தணிகாசலத்தின் கை. வண்டியின் தரையில் துரு தின்ற இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார். பட்டி பார்த்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் தேய்த்து, உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின் சீட்டைக் கழற்றியபோது அடியில் பழைய தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே குழந்தைக்குப் போடும் கறுப்பு வளையல் இரண்டு. கடையில் கட்டிக்கொடுத்த நூல்கூட அவிழ்க்கப்படவில்லை. நல்ல சகுனம் என்று எண்ணி, பேரனுக்காக டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

சீட்டு விஷயத்தில்தான் அவர் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. தறியில் பாவு என்கிற நீளவாட்டு நூல் நெய்து முடிந்தால் அதை முழுக்க உருவி எடுக்க மாட்டார்கள். ஒரு சாண் பழைய நூலைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழையோடு சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டுவார்கள். புணைப்பது என்று அதற்குப் பெயர். பழையது புதியதை இழுத்துக்கொண்டு வரும். நாற்பது வருஷம் அதையே செய்த விரல்கள், பழைய சீட்டுத் துணியைக் கத்தரிக்கும்போது ஒரு சாணுக்கு நின்றுவிட்டன. அந்த ஓரத்தை விட்டுவைத்து, புது ரெக்சினை அதோடு சேர்த்துப் பட்டு முறுக்கு நூலால் நெருக்கித் தைத்தார். பிரமாதமாக வந்தது. எரிக்கச் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. வீச்சத்துக்குத்தானே, சோப்பு போட்டுக் கழுவியாயிற்று என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளம் விழுந்தது. சாயங்காலமானால் வண்டிக்குள்ளிருந்து ஸ்பிரிங் சத்தம் வரும். கிறீச், கிறீச் என்று ஒரே தாளத்தில், நிதானமாக, யாரோ காலாட்டிக்கொண்டிருப்பது போல. மாடத்து விளக்கை ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தால் நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஆவி படிந்திருக்கும். கதவைத் திறந்தால் மெல்லிய பால் வாடை, கொஞ்சம் புளித்தது, மூக்கில் ஏறும்.

முதல் நாள் பயந்தார். இரண்டாம் நாளும் பயந்தார். மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். வெற்று வீட்டில் உட்கார்ந்து தின்பதைவிட அது தேவலையாக இருந்தது.

"காசியம்மா," என்றார், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "வந்து குந்திகினியா?"

பின்னால் ஸ்பிரிங் ஒருமுறை முனகியது.

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பேரனைப் பார்க்க அவளும் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். காசியம்மாளுக்குப் பால் வாடையே ஆகாது, காய்ச்சும்போதுகூட முந்தானையால் மூக்கைப் பொத்துவாள் என்பது நினைவுக்கு வரத்தான் செய்தது. வந்த நினைவை அவரே தள்ளிவிட்டார். தனியாக இருப்பவனுக்குத் துணை யார் என்று சோதித்துப் பார்க்க மனசு வராது. ஒரு வாரம் அங்கேயே சாப்பிட்டார். தறியில் நடந்தது, கடைத்தெரு கிண்டல், எல்லாம் சொன்னார். "வெள்ளிக்கெழம போய் புள்ளைய தூக்கிகினு வந்துடலாம்" என்றும் சொன்னார். அன்று ஸ்பிரிங் வெகுநேரம் ஆடியது.

வெள்ளிக்கிழமை வேலூரில் சம்பந்தியம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. தனக்கோடி குழந்தையோடு ஏறினாள். உள்ளே நகர்ந்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் ஈரமா கீதுப்பா. பால் கொட்டிட்டியா?"

"இல்லம்மா. இந்தாண்ட ஜன்னலோரமா குந்து."

அவள் இடது ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "இன்னும் மொகம் பாத்து சிரிக்கலப்பா இவன். மத்த புள்ளைங்கல்லாம் எப்பவோ சிரிச்சிடுச்சிங்க" என்று குறைப்பட்டாள்.

"நம்ம வூட்டுக்கு வந்து சிரிப்பான்" என்றார். அந்த வருஷத்திலேயே அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கண்ணமங்கலம் வரும்போது பொழுது இறங்கி, தூறல் போட்டது. தனக்கோடி தூங்கிப்போயிருந்தாள். பாலுக்கு வெந்நீர் வாங்கலாமென்று தணிகாசலம் பிளாஸ்கோடு டீக்கடைக்கு இறங்கினார். பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்த காத்தவராயன் வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"நம்ம வண்டியாங்க இது! சீட்ட எரிச்சிட்டீங்க இல்ல?"

"புதுசாதான் தெச்சிருக்கேன். ஓரத்துல ஒரு சாண் பழச வெச்சி ஒட்டு போட்டேன், பாவு புணைக்கற மாதிரி."

காத்தவராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சந்தவாசல்ல வண்டி கெடந்த அந்த ஊட்டம்மா பிரசவத்துக்கு இந்த வண்டிலதாங்க போனாங்க. திரும்பி வர்றப்ப புள்ள இல்ல. வண்டி வாசல்ல வந்து நின்னுச்சி, அவங்க எறங்கல. மடிய இப்பிடி வெச்சிகினு குந்திகினாங்க. யாரு இழுத்தும் எறங்கல. நாலாம் நாளு எறக்குனாங்க, உசுரு இல்ல." அவன் பார்வை வண்டிக்குப் போனது. "உள்ள யாருங்க?"

"பொண்ணு. பேரப்புள்ள."

அவன் டீயைக் குடிக்காமலே மழைக்குள் இறங்கி நடந்தான், திரும்பிப் பார்க்காமல்.

தணிகாசலம் வண்டிக்கு வந்தார். கதவைத் திறந்தார். பால் வாடை. இப்போது புளிப்பே இல்லை. அப்போதுதான் சுரந்த பால்.

உட்கார்ந்தார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மெல்லத் திருப்பினார்.

தனக்கோடியின் தலை இடது ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில்.

வெறுங்கை.

கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

குழந்தை அவருக்கு நேர் பின்னால் இருந்தது. சீட்டின் மேல் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. அடியில் பள்ளம், ஆழமாக. குழந்தை மெல்ல ஆடியது. கிறீச். கிறீச்.

கத்தினால் கீழே போட்டுவிடுவாள். கையை நீட்டினால் இறுக்கிக்கொள்வாள். மகளை எழுப்பினால் மகள் கத்துவாள். அவரால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று, குலுக்காமல் ஓட்டுவது. ஓட்டினார். பள்ளம் மேடு பார்த்து, பிரேக்கை அதிராமல் மிதித்து, உதடு முணுமுணுக்க ஓட்டினார். பிடரியில் மூச்சுக்காற்று பட்டது. ஈரமாக. குளிர்ந்து. ஒரு தாலாட்டின் முனகல் காதோரம் இருந்தது. மழைச் சத்தம் என்று சொல்லிக்கொண்டார்.

ஆரணி. தெரு. வீடு. என்ஜினை நிறுத்தினார்.

தனக்கோடி கண்ணைக் கசக்கினாள். "வந்துட்டமா? அப்பா, பாப்பாவ நீயா வெச்சிகினு கீற?"

அப்புறம் அவள் பார்த்தாள். பாய்ந்து பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. துணி மட்டும் நீண்டது. பிள்ளையின் இரண்டு மணிக்கட்டிலும் அந்தக் கறுப்பு வளையல் கிடந்தது.

தணிகாசலம் இறங்கி ஓடிப்போய் வலது கதவைத் திறந்தார். மழையில் நின்று இரண்டு கையையும் ஏந்தினார்.

"எறங்கும்மா," என்றார், பெற்ற மகளிடம் கெஞ்சுவதுபோல. "வூடு வந்துட்சிம்மா. புள்ளைய குடுத்துட்டு எறங்கும்மா."

குழந்தை கண் விழித்தது. இழுக்கும் தாயைப் பார்க்கவில்லை, தாத்தாவையும் பார்க்கவில்லை. தனக்கு நேர் மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், வெற்றிடத்தை உற்றுப் பார்த்தது. பிறகு பொக்கை வாய் மலர்ந்து, முதல் தடவையாகச் சிரித்தது.

சீட்டுப் பள்ளம் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே அமிழ்ந்தது.